எந்த மேசை என்று அவர் சொல்லவில்லை

மருதை அண்ணன் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் ஓப்பநாயக்க பஜாரில் எங்கள் கடை வாசலில் நின்று மீன்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். யுத்தம் முடிந்து சில வாரங்களே ஆகியிருந்தன. கடைவீதி முழுக்கக் கொடிகள் தொங்கின. எங்கள் வாசலிலும் ஒன்று. கட்டச் சொன்னார்கள், கட்டினோம். கைபேசியை எடுத்தால் அவருடைய மகன். "அத்தை, அப்பா போயிட்டாருங்க" என்றான். "எப்பப்பா?" என்றேன். "இப்பத்தான்" என்றான்.  மீன்காரன் என் முகத்தைப் பார்த்துவிட்டு யார் என்று சிங்களத்தில் கேட்டான். எங்கள் அண்ணன் என்றேன். தராசை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப்பேர் அவரிடம் படித்தவர்கள், மீதிப்பேர் அவரோடு கோபித்துக்கொண்டவர்கள். அஞ்சலிக் கூட்டத்தில் ஒவ்வொருவராக எழுந்து "அமைதியானவர், அதிர்ந்து பேசாதவர்" என்றீர்கள். அமைதியாவது, மண்ணாவது! அவர் அதிர்ந்து பேச மாட்டார், உண்மைதான். ஆனால் வாயைத் திறக்காமலே எதிரில் இருப்பவரைக் கொன்றுவிடும் பிடிவாதம் அவருக்கு. பத்து வருடத்துக்கு மேல் எங்கள் ஹோலில், அந்த ஒரே மண்டபத்தில், அவரோடு வேலை பார்த்தவள் நான். தேயிலைத் தோட்டத்து லயத்தில், குடும்பத்துக்கு ஒரு காம்பரா என்று வரிசையாகக் கட்டிய அறைகளில் ஒன்றில் பிறந்து, உயர்தரம் வரை படித்து, திரும்பி அதே தோட்டத்துக்குப் படிப்பிக்க வந்தவர் அவர். குழந்தை வளர்ப்பு அவருடைய பாடம். தையலும் கைவேலையும் என்னுடையது. என்னைக் "கடைக்காரத் தங்கச்சி" என்றுதான் கூப்பிடுவார். பஜாரில் பிறந்தவளுக்குத் தோட்டம் தெரியாது என்பது அதன் உள்ளர்த்தம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அவர் சொன்னது தப்பு என்று ஒருநாளும் காட்ட முடிந்ததில்லை.

மேல் டிவிசன் லயங்களுக்குக் கீழே, பழைய பண்டகசாலை ஒன்றை ஹோலாக்கி வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒன்று அந்தப் பயிற்சி நிலையத்தை நடத்தியது. தோட்டத்துப் பெண்பிள்ளைகளைப் பாலர் பாடசாலை ஆசிரியைகளாக்குவதுதான் வேலை. ஒரு வருடப் படிப்பு, முடிவில் சான்றிதழ். அது கிடைக்காத பிள்ளைக்குக் கொழுந்துக்கூடை காத்திருக்கும். இல்லாவிட்டால் கொழும்பில் யார் வீட்டுச் சமையலறையோ, வெளிநாட்டில் யார் வீட்டுச் சமையலறையோ. காலையில் வகுப்பு, மத்தியானம் தாய்மார் கூட்டம், சனிக்கிழமை தொழிற்சங்கக் கூட்டம், முகூர்த்த நாளில் பந்தி என்று எல்லாவற்றுக்கும் அந்த ஒரே ஹோல்தான். அதற்காகத்தான் நிறுவனம் அந்த மடக்கு மேசைகளை அனுப்பியது. சாம்பல் நிறப் பலகை, இரும்புக் கால், காலில் சக்கரம். அடியில் உள்ள கம்பியை இழுத்தால் பலகை நிமிர்ந்து நிற்கும். ஒன்றோடொன்று அணைத்துச் சுவரோரம் தள்ளிவிடலாம். கொஞ்ச நேரத்தில் வகுப்பறை வெறும் தரையாகிவிடும். எல்லாம் ஒரே அச்சு. கூடப் பிறந்தவர்களுக்குள்ளாவது மூக்கிலோ முழியிலோ வித்தியாசம் இருக்கும். இவற்றுக்கு அதுவும் இல்லை.

கொழும்பிலிருந்து லொறியில் அந்த மேசைகளைக் கொண்டுவந்தது அவரும் நானும்தான். பெல்மதுளைக்கு இந்தப் பக்கம் சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். லொறியில் தமிழர் இரண்டு பேர், பின்னால் இரும்புக் குழாய்கள்.  ஒரு சிப்பாய் ஏறி, சக்கரத்தைத் தட்டிப் பார்த்து, மேசைக்கு எதற்குச் சக்கரம் என்று சிங்களத்தில் கேட்டான். மருதை அண்ணன் அவனைவிட நல்ல சிங்களத்தில், "எங்களுக்கு ஒரே ஒரு அறைதான் மாத்தயா. மேசை போனால்தான் நாங்கள் வர முடியும், நாங்கள் போனால்தான் மேசை வர முடியும்" என்றார். ஒவ்வொன்றாக இறக்கி விரித்துக் காட்டச் சொன்னார்கள். வெயிலில் நடுரோட்டில் மேசை மேசையாக விரித்து மடக்கினார். கடைசியில் சிப்பாயும் ஒன்றை விரித்து மடக்கிப் பார்த்துச் சிரித்தான். நாங்கள் சிரிக்கவில்லை. லொறி கிளம்பிய பிறகு, "நம்மளோட ஐடென்டி காட்டயே பாக்கல தங்கச்சி. மேசைக்குத்தான் மரியாத" என்றார் அண்ணன்.

மறுநாள் லயம் லயமாகப் போய், "ஹோலுக்குப் புது மேசை வந்திருக்கு, நாளைக்கு எல்லாரும் வாங்க" என்று நான்தான் சொன்னேன். சொன்ன நேரத்துக்கு ஒரு குஞ்சு குருமான்கூட வரவில்லை. வெகுநேரம் கழித்து ஒரு கிழவர் மட்டும் துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். "உள்ள வாங்க தாத்தா" என்றேன். வரவில்லை. "நான் ஒரு குத்தமும் பண்ணலீங்க. பண்ணியிருந்தா என்னான்னு சொல்லிருங்க" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். அந்தத் தோட்டத்தில் மேசை என்றால் விசாரணை. கொழுந்து குறைந்தாலும், எதிர்த்துப் பேசினாலும், "நாளைக்கு மேசைக்கு வா" என்பார் கணக்கப்பிள்ளை. ஆபீஸில் துரையின் மேசைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நானோ தோட்டத்தையே மொத்தமாக மேசைக்குக் கூப்பிட்டிருக்கிறேன்! "அடி கடைக்காரத் தங்கச்சி, இனிமே டேபிள்னு சொல்லு. மேசைங்கிற வார்த்தையே இந்த ஹோல்ல வரக்கூடாது" என்றார். அன்றிலிருந்து எங்கள் ஹோலில் எல்லாம் டேபிள்தான்.

அதைவிட முக்கியம், அவற்றை ஒருநாளும் வரிசையாகப் போட விடமாட்டார். வட்டமாகவோ சதுரமாகவோ, யாரும் யாருக்கும் முன்னால் நிற்காதபடி போட வேண்டும். நிறுவனத்திலிருந்து வரும் பெரியவர்கள் தங்களுக்கு ஒரு மேசையைத் தனியாக இழுத்துக்கொள்வார்கள். அண்ணன் ஒன்றும் சொல்ல மாட்டார். தேத்தண்ணி கொடுக்கிற சாக்கில் போய் அதன் சக்கரப் பூட்டைக் காலால் தட்டிவிட்டு, பெரியவர்களோடு சேர்த்தே மெதுவாக வட்டத்துக்குள் தள்ளிவிடுவார். "டேபிளுக்குத் தலைமாடு வைக்காதீங்க" என்பார். தலைமாடு கட்டிலுக்குத்தானே என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். அதிகம் சிரிப்பவள் புஷ்பம். ராமாயி அக்காவின் ஒரே மகள். தகப்பன் இல்லை. குரல் வெண்கலம். அவள் பாட்டுச் சொல்லிக்கொடுத்தால் கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் விட்டுப் போகும் பிள்ளைக்காம்பராவில் அழுகிற குழந்தைகள்கூட வாயை மூடும். அந்த வருடம் சான்றிதழ் எடுத்துவிடுவாள் என்று அத்தனை பேரும் நம்பியிருந்தோம். ராமாயி அக்கா அதற்குள்ளேயே "எம்மவ டீச்சரு" என்று கொழுந்து நிறுக்கிற இடத்தில் பெருமையடித்துக்கொண்டு திரிந்தாள்.

அந்த வைகாசி மழையை எங்கள் பக்கத்தில் யாருக்கும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. விடிகிற நேரத்தில் மேல் டிவிசனில் மலை இறங்கியது. ஒரு லயத்தின் பாதியை மண் மூடியது. நான் ஓப்பநாயக்கவில் இருந்தேன். பாதை உடைந்துபோய் என்னால் போக முடியவில்லை. உயிரோடு எடுத்தவர்களைக் கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு, குறுக்குப் பாதையால் இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவர்களில் ராமாயி அக்காவும் ஒருத்தி. இடுப்பெலும்பு முறிந்து நினைவில்லாமல் இருந்தாள். செத்தவர்களுக்கு அவசரமில்லையே. அவர்களை ஹோலுக்குக் கொண்டுவந்தார்கள். ஹோல் தரை முழுக்கச் சேற்றுத் தண்ணீர். மருதை அண்ணன் டேபிள்களை விரித்தார்.

பாதை திறந்த பிறகு நான் போனபோது எல்லாரையும் அடக்கம் பண்ணியாகிவிட்டது. ராமாயி அக்காவுக்காகக் காத்திருக்க முடியவில்லை. புஷ்பத்தையும் மற்றவர்களோடு அடக்கம் பண்ணிவிட்டார்கள். அண்ணன் ஹோல் படியில் உட்கார்ந்திருந்தார். கையெல்லாம் வெந்நீரில் ஊறியதுபோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. "தெக்கால தலைமாடு பாத்துத்தான் படுக்க வச்சோம் தங்கச்சி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அவர் அழவில்லை.

கருமாதி முடிந்தது. வகுப்பைத் தொடங்க வேண்டும். பரீட்சைக்கு அதிக நாள் இல்லை. பிள்ளைகள் வராவிட்டால் நிலையத்தை மூடிவிட்டு மேசைகளை எம்பிலிப்பிட்டியப் பக்கம் கொண்டுபோய்விடுவதாக நிறுவனம் தெளிவாகச் சொல்லியிருந்தது. பிள்ளைகள் வரவில்லை, தாய்மார்தான் வந்தார்கள். வாசலுக்கு வெளியே நின்றார்கள். மறுபடியும் 'மேசை' என்ற சொல் வந்துவிட்டது, இந்தமுறை 'பொண மேசை' என்று. ஒரு தாய், "எம்மவ நாளைக்கு ஒருத்தன் வீட்டுக்குப் போற பொண்ணு. பொண மேசையில ஒக்காந்து படிச்சவன்னு தெரிஞ்சா எவன் வந்து கட்டுவான்?" என்று கேட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. எங்கள் அம்மாவே என்னைத் தலை முழுக வைத்துத்தான் வீட்டுக்குள் விட்டாள்.

சங்கத் தலைவர் நியாயமாகப் பேசுகிறவர். "சரி, விடுங்க. வாத்தியாரே, எந்தெந்த மேசையில வச்சீங்கன்னு சொல்லுங்க. அத மட்டும் தூக்கி ஆத்துல விட்டுருவோம். மத்ததுல புள்ளைங்க படிக்கட்டும்" என்றார். எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. எல்லாரும் அண்ணனைப் பார்த்தார்கள். அவற்றைத் தனியாகக் கழுவியவர் அவர்தான்; தெரிந்தால் அவருக்குத்தான் தெரியும். அண்ணன் சொன்னார்: "எல்லாத்துலயும்தான்."

அது பொய் என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். ஹோலில் இருந்த மேசைகள் அதிகம், செத்தவர்கள் அத்தனை பேர் இல்லை. தூக்கிவந்த ஆண்களில் நாலைந்து பேர் அங்கேயே நின்றார்கள். ஆனால் யாராலும் எழுந்து, இது இல்லை, அதுதான் என்று கைகாட்ட முடியவில்லை. எல்லாம் ஒரே மாதிரி மடங்கி, ஒரே மாதிரி சுவரில் சாய்ந்து நின்றன. "அப்ப எல்லாத்தையும் ஆத்துல விடுங்க!" என்று ஒரு குரல் கத்தியது.

அப்போதுதான் அண்ணன் கொஞ்சம் நீளமாகப் பேசினார். அவர் பேசியதைப் பலர் பலவிதமாகச் சொல்கிறீர்கள். நான் பக்கத்தில் நின்றவள். அவர் சொன்னது இதுதான்: "நம்ம காம்பராவுல எந்தக் காம்பராவுல சாவு விழல? சொல்லுங்க பாப்போம். எங்கப்பாவ எந்த எடத்துல போட்டு வச்சிருந்தோமோ, அதே எடத்துலதான் எந்தங்கச்சி புள்ள பெத்தா. அதே எடத்துலதான் அன்னைக்கும் ஒல வச்சோம். நமக்கு ஒரே காம்பரா. பொணத்துக்கு ஒண்ணு, புள்ளைக்கு ஒண்ணுன்னு வெள்ளக்காரனும் கட்டித் தரல, கம்பெனிக்காரனும் கட்டித் தரல. காம்பராவ ஆத்துல விட்டோமா?"  கிழவர் ஒருவர் மட்டும் "அது சரிதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. மறுநாள் இரண்டு பிள்ளைகள் வந்தார்கள். ஒருத்தி பையை மடியிலேயே வைத்துக்கொண்டு மேசையில் கை படாமல் எழுதினாள். அந்த வாரக் கடைசியில் இன்னும் சிலர். ஒருத்தியைத் தகப்பன் வந்து பாதி வகுப்பில் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். எந்த மேசை என்று தெரிந்திருந்தால் பிள்ளைகள் அதை விட்டுவிட்டு மற்றவற்றுக்கு அடித்துக்கொண்டிருப்பார்கள். தெரியாததால் ஒதுங்கவும் இடமில்லை, ஓடவும் இடமில்லை. அண்ணனின் பொய் அப்படித்தான் வேலை செய்தது. நானும் மனதுக்குள் மெச்சினேன். ராமாயி அக்கா வரும்வரை மெச்சிக்கொண்டுதான் இருந்தேன்.

அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது ஆடியில். ஊன்றுகோலோடு நடந்து வந்து ஹோல் வாசலில் நின்றாள். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. புஷ்பத்தோடு படித்த பிள்ளைகள் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"வாத்தியாரே, எம்புள்ள மொகத்த நான் பாக்கல. குழியில போட்ட எடத்தக் காட்டுனாங்க. அங்கயும் பத்தோட பதினொண்ணா போட்டிருக்கு. எந்த மேசையில கெடத்துனீங்க? அதையாவது காட்டுங்க."

அண்ணன் "எல்லாத்துலயும்தாம்மா" என்றார்.

"எம்புள்ள ஒருத்திதானே?" என்று கேட்டாள் ராமாயி அக்கா. அவள் கத்தவில்லை. கணக்குப் புரியாத பிள்ளை கேட்பதுபோல் கேட்டாள். "ஒருத்திய எப்படிங்க எல்லாத்துலயும் கெடத்துவீங்க?"

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரம் அந்த மனிதரை அறைந்துவிடலாம் போலிருந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நான் அதத் தூக்கிட்டுப் போவ மாட்டேங்க. யாருகிட்டயும் சொல்லவும் மாட்டேன். ஒரே ஒரு தடவ தலைய வச்சிட்டுப் போயிர்றேன்" என்று கெஞ்சினாள். அண்ணன் மறுபடியும் அதையேதான் சொன்னார். எல்லாத்துலயும்தாம்மா.

 அவள் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு முதல் மேசைக்குப் போய்க் கன்னத்தை வைத்தாள். அப்புறம் அடுத்தது. பிள்ளைகள் கொப்பியையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு விலகி வழிவிட்டார்கள். வட்டமாகப் போட்டிருந்த மேசைகள். அவள் எங்கே தொடங்கினாளோ அங்கேயே வந்து சேர்ந்தாள். யாரும் அழுகையை அடக்கவில்லை. அன்றைக்குப் பாடம் என்ன என்று யாருக்காவது நினைவிருந்தால் ஆச்சரியம்தான்.

அவள் போன பிறகு நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். "நீங்க மனுசந்தானா? அவ காதுக்குள்ள சொன்னா என்ன கொறஞ்சா போயிரும்?" என்று கேட்டேன். "சொன்னா அவ தெனமும் அதுலதான் வந்து தலைய வைப்பா. அப்புறம் அந்த ஒண்ணு பொண மேச. அடுத்த வாரம் பரீட்ச" என்றார். "நீங்க மனுசந்தானான்னு கேட்டேன்" என்றேன் மறுபடியும். "மனுசனா இருந்தா இன்னைக்கு கிளாஸ் நடந்திருக்காது தங்கச்சி" என்றார். ஒரு மாதம் நான் அவரோடு வகுப்பு விஷயம் தவிர வேறெதுவும் பேசவில்லை. அவரும் பேச முயலவில்லை. பேசாமலிருப்பதில் அவரை யார் ஜெயிக்க முடியும்?

பிள்ளைகள் பரீட்சை எழுதினார்கள். சான்றிதழ் வந்தது. இன்றைக்குக் கலவானயிலிருந்து கேகாலை வரை எத்தனையோ பாலர் பாடசாலைகளில் நிற்கிற நீங்கள் அந்த வருடத்துப் பிள்ளைகளும் அதற்குப் பிறகு வந்தவர்களும்தான். அந்தச் சான்றிதழுக்கு விலை கொடுத்தவள் ராமாயி அக்கா. அவளுக்கு இனி மலை ஏற முடியாது. கொழுந்து வேலை போயிற்று. அண்ணன் எங்கெங்கோ பேசி, ஹோலைக் கூட்டித் துடைக்கிற வேலையை அவளுக்கு வாங்கிக் கொடுத்தார். கூட்டுவதில் அவள் அப்படி ஒன்றும் கெட்டிக்காரி இல்லை. மூலையில் ஒட்டடை அப்படியே இருக்கும். ஆனால் மேசைகளை மட்டும் ஒவ்வொரு நாளும், ஒன்று விடாமல், ஈரத்துணியால் துடைப்பாள். துடைத்துக்கொண்டே ஏதோ பேசுவாள். இந்த மேசையில் பாதி பேச்சு, அடுத்ததில் மீதி. நான் அந்தப் பக்கம் போனால் நிறுத்திவிடுவாள். வருடக்கணக்காக இப்படித்தான். அவளும் அண்ணனும் மழையைப் பற்றியும் துடைப்பத்தைப் பற்றியும் மட்டும் பேசிக்கொள்வார்கள். அவள் அவரை மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் பயம்.

போன வருடக் கடைசியில் அண்ணனுக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. கொழும்புக்குக் கொண்டுபோய்ப் பார்த்து, இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். நான் ஒரு பகல் பொழுது போயிருந்தேன். தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டும். அண்ணி தேத்தண்ணி போடப் போன நேரம் பார்த்து நான் கேட்டேன். இத்தனை வருடமாக நெஞ்சில் முள்ளாகக் கிடந்ததை எப்போதுதான் கேட்பது? "இப்பவாவது சொல்லுங்கண்ணே. புஷ்பத்த எதுல கெடத்துனீங்க?"

வெகுநேரம் மூச்சு வாங்கினார். "தெரியாது தங்கச்சி" என்றார்.

நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"அன்னைக்கு எல்லாரையும் தூக்கிட்டுப் போனப்புறம் டேபிளெல்லாம் ஒரே சேறு. மடிச்சு மடிச்சு வெளிய உருட்டிட்டுப் போயி, கொட்டுற மழையில போட்டுத் தேய்ச்சேன். எது எதுன்னு பாக்கணும்னு தோணல. தேய்க்கணும்னுதான் தோணுச்சு. அந்தத் தலைவரு கேக்குறதுக்கு முந்தியே நான் தேடிப் பாத்தேன். ஒரு முடி, ஒரு மண்ணு, ஏதாச்சும் ஒட்டியிருக்குமான்னு ஒவ்வொண்ணா பொரட்டிப் பாத்தேன். ஒண்ணுமே இல்ல." தன் கையைத் திருப்பிப் பார்த்தார். "நல்லாக் கழுவிட்டேன் தங்கச்சி."

"அத அவகிட்டச் சொல்லியிருக்கலாமே!"

"தெரியாதுன்னா? அவ புள்ளைய எங்க போட்டோம்னுகூட எவனும் பாக்கலன்னு ஆயிருமே. எல்லாத்துலயும்னா... எங்கயாச்சும் இருப்பால்ல." அதைச் சொல்லும்போது அழுதார். பத்து வருடத்துக்கு மேல் பழகியதில் அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். அண்ணி தேத்தண்ணியோடு வந்தாள். இருமல் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவரை எடுத்த நாளில் தோட்டமே வந்திருந்தது. கீழ் டிவிசன், மேல் டிவிசன், பஜார்க் கடைக்காரர்கள், பக்கத்துச் சிங்களக் கிராமத்து ஆட்கள், அவரிடம் படித்துப் பிள்ளைகுட்டிகளோடு வந்த ஆசிரியைகள். பறைச் சத்தம் தூரப் போய்த் தேய்ந்த பிறகு, பெண்கள் முற்றத்தில் நின்றோம். ராமாயி அக்கா என் பக்கத்தில் வந்து நின்றாள். சேலைத் தலைப்பை வாயில் வைத்திருந்தாள். "கடைசியில ஒங்ககிட்டயாவது சொன்னாரா?" என்று மெதுவாகக் கேட்டாள். எதைக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

நான் என்ன நினைத்தேன் என்றால், அவர் அவளிடம் வேண்டுமென்றே மறைத்தார் என்ற வருத்தத்தோடு இந்த மனுஷி இனியும் இருக்கக் கூடாது. செத்தவர் மேல் பழி கிடக்கக் கூடாது. உண்மைதானே, சொன்னால் இரண்டு பேருக்கும் விடுதலை என்று நினைத்தேன். "மறைக்கலக்கா. அவருக்கே தெரியாது. கழுவும்போது கலந்துபோச்சாம். தேடிப் பாத்தாராம், கெடைக்கலியாம்" என்று சொல்லிவிட்டேன்.

ராமாயி அக்கா சேலைத் தலைப்பை வாயிலிருந்து எடுத்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அந்த மனுசன் சாவுற வரைக்கும் சொல்லாமத்தானே இருந்தாரு. இத்தன வருசமா எம்புள்ள எல்லாத்துலயும் இருந்தா. ஒங்க வாயால இப்ப ஒண்ணுலயும் இல்லாம ஆக்கிட்டீங்களே தாயீ" என்றாள்.

 "இல்லக்கா, இல்லக்கா" என்று கையைப் பிடிக்கப் போனேன். கையை விலக்கிக்கொண்டு ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு லயத்துப் பக்கம் நடந்தாள்.

அவர் நினைவாக என்ன வேண்டும் என்று அண்ணி கேட்டாள். கைக்கடிகாரத்தையும் மூக்குக் கண்ணாடியையும் எடுத்து வைத்தாள். நான் எதையும் வாங்கவில்லை. நீங்கள் ஒவ்வொருவரும் அவரிடமிருந்து பாட்டையோ பாடத்தையோ பொறுமையையோ எடுத்துக்கொண்டதாகச் சொன்னீர்கள். எனக்கு அவர் விட்டுப் போனது 'எல்லாத்துலயும்தான்' என்ற ஒரே சொல் பதில். நாலு பேர் காறித் துப்பினாலும், நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு மாதம் பேசாமல் இருந்தாலும், மாற்றாமல் வைத்திருந்த பதில். அதை அவரால் சாகும்வரை சுமக்க முடிந்தது. என் கைக்கு வந்தபோது ஒரு பகல்கூட என்னால் வைத்திருக்க முடியவில்லை. இந்த மலைகள் இனியும் இறங்கும். எந்தத் தாயாவது வந்து எங்கே கிடத்தினீர்கள் என்று கேட்பாள். அன்றைக்காவது அண்ணன் சொன்னதையே சொல்ல வேண்டும் என்று வைத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை ஹோலைத் திறந்தேன். வகுப்பு நடக்கிறது. மேசைகளை நான்தான் துடைக்கிறேன். ராமாயி அக்கா வரவில்லை.